வெர்ச்சுவா கொப் 2: மவுஸ் போதுமா, துப்பாக்கி வேண்டுமா?

சேகா நிறுவனத்தின் ஏஎம்2 பிரிவு 1995இல் ஆர்கேட் கூடங்களுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரக் கூடங்களுக்காகச் செய்த ஆட்டம் வெர்ச்சுவா கொப் 2. துப்பாக்கி பிடித்து ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டம். ஆனால் இலங்கை மலையகத்தில் அதை அறிந்தவர்களில் அநேகர் மவுஸ் பிடித்துத்தான் அறிந்தார்கள். 1997இல் வந்த கணினிப் பதிப்புத்தான் இங்கே புழங்கியது. ஒருவர் மவுஸைப் பிடித்திருப்பார், பின்னால் நிற்கிற நாலு பேர் "மேல பாரு, ஜன்னல்ல நிக்கிறான்" என்று கத்துவார்கள்.

அந்த ஆட்டத்தை இப்போது மறுபடி எடுத்து, அதன் சுவை எங்கே இருக்கிறது என்று தெரிந்து ஆட விரும்புகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழையபடி கணினியும் மவுஸும் ஒன்று. டியூப் டிவி, பழைய கொன்சோல், அதற்கென்றே செய்த ஒளித்துப்பாக்கி இன்னொன்று. இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யும் புதுவகைத் துப்பாக்கி மூன்றாவது. எதை எடுப்பது என்பதில் பாதியை அறையின் நீளமும் சுவரின் ஈரமும் முடிவு செய்துவிடும். மீதிப் பாதிக்கு ஆட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வளையமும் ஆறு தோட்டாவும்

முதலாம் பாகம் 1994இல் வந்தது. யூ சுசுகியின் பிரிவு செய்தது. குண்டு கையில் பட்டால் ஒரு மாதிரி, காலில் பட்டால் வேறு மாதிரி எதிரி விழுவது அன்றைக்குப் புதுமை. 1997இல் வந்த கோல்டன்ஐ 007 ஆட்டத்தை இயக்கிய மார்ட்டின் ஹொலிஸ், தமது ஆட்டத்தில் வெர்ச்சுவா கொப்பின் தாக்கம் இருந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் பாகம் அந்த எலும்புக்கூட்டில் கை வைக்கவில்லை. மைக்கல் ஹார்டி, ஜேம்ஸ் கூல்ஸ் என்ற முதலாம் பாகத்துப் பொலிஸ்காரர் இருவருடன் ஜெனட் மார்ஷல் சேர்ந்தார். கட்டங்கள் மூன்று. நகைக்கடைக் கொள்ளையில் தொடங்கி வீதித் துரத்தலாக மாறும் ஒன்று, கடத்தப்பட்ட மேயரை மீட்கும் ஒன்று, ரயிலில் நடக்கும் ஒன்று. வழியில் பாதை பிரியும், எந்தப் பக்கம் போவது என்பதை ஆடுகிறவரே தெரிவு செய்யலாம். பெரிய மாற்றம் ஓட்டம்தான். முதலாம் பாகத்தில் கமரா ஓர் இடத்தில் நின்று சுட விடும் நேரம் அதிகம். இதில் கமராவும் ஓடும், எதிரியின் வாகனமும் ஓடும், இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்காது.

இனி வளையத்துக்கு வருவோம். எதிரி ஒருவன் தோன்றியதும் அவன்மேல் ஒரு வட்டம் விழும். பச்சை என்றால் நேரம் இருக்கிறது. மஞ்சள் என்றால் அவன் குறிபார்க்கிறான். சிவப்பு என்றால் சுடப் போகிறான். திரையில் மூவர் நிற்கும்போது அருகில் நிற்பவனைச் சுடுவது புதியவர் செய்கிற பிழை. வளையம் முந்திப் பழுத்தவனைத்தான் முதலில் சுட வேண்டும். இந்த ஒன்றைப் பழகினாலே போதும், ஒரே நாளில் இரண்டு கட்டம் கூடுதலாகத் தாண்டலாம்.

அடுத்தது ‘ஜஸ்டிஸ் ஷொட்’. எதிரியின் துப்பாக்கி பிடித்த கையைக் குறிபார்த்துச் சுட்டால் அவன் சாகாமல் ஆயுதத்தை விட்டுவிடுவான், புள்ளியும் கூடுதலாகக் கிடைக்கும். நெஞ்சு பெரிய இலக்கு, கை சிறிய இலக்கு. வளையம் பச்சையாக இருக்கும்வரை கையைக் குறிபார்க்கலாம், மஞ்சளானால் ஆசையை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு எதிரியிடமும் அரைச் செக்கனுக்குள் இந்தக் கணக்கைப் போடுவதுதான் ஆட்டத்தின் ருசி.

கடைசியாகத் தோட்டா. கைத்துப்பாக்கியில் ஆறு. தீர்ந்தால் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே திருப்பி ஒருமுறை விசையை அழுத்த வேண்டும். கை போய்த் திரும்பும் அந்தச் சின்ன நேரத்தில் திரையில் ஒருவன் மஞ்சளில் இருந்து சிவப்புக்குப் போய்விடுவான். ஆட்டத்தின் கடுமை முழுவதும் இந்தக் கைவீச்சுக்கு ஆகும் நேரத்தை நம்பிக் கட்டப்பட்டது.

மூன்று வழிகளையும் இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்: வளையத்தை வாசிக்க விடுகிறதா, சிறிய இலக்கைச் சிறியதாகவே வைத்திருக்கிறதா, தோட்டா நிரப்ப நேரம் கேட்கிறதா.

மவுஸ்

வளையம் அப்படியே இருக்கும். மற்ற இரண்டும் போய்விடும். குறி எங்கே இருக்கிறது என்று திரையிலேயே தெரிவதால் கையைச் சுடுவது எளிதாகிவிடும். வலது பட்டனைத் தட்டினால் தோட்டா நிரம்பிவிடும், அதற்கு ஒரு விலையும் இல்லை. மவுஸில் ஆடி முடித்தவர் துப்பாக்கியைப் பிடித்தால் முதல் கட்டத்திலேயே தடுமாறுவது இதனால்தான்.

ஆனாலும் செலவில்லாத வழி இது. எதிரிகள் எந்த மூலையில், எந்த வரிசையில் வருகிறார்கள் என்று மனப்பாடம் செய்ய இதைவிட நல்லது இல்லை. பழைய சிடி கையில் இருந்தால் விண்டோஸ் 10, 11இல் ஓட்டுவதற்குக் கவனிக்க வேண்டியவை சில.

90களின் சிடிகள் பலவற்றில் நிறுவும் புரோகிராம் 16 பிட்டில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டாது, ஆட்டத்தில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய 32 பிட் விண்டோஸ் உள்ள ஒரு கணினியில் நிறுவி, அந்தக் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து வருவது நேரான வழி. அடுத்து, படம் வரையச் சொல்லி ஆட்டம் அனுப்பும் பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை இன்றைய கிராபிக்ஸ் அட்டைக்கு மொழிபெயர்க்க டிஜிவூடூ 2 (dgVoodoo 2) என்ற இலவச மென்பொருள் வேண்டும். அதன் பொதிக்குள் எம்எஸ் (MS), அதனுள் எக்ஸ்86 (x86) என்ற கோப்புறையில் இருக்கும் டிடிரா (DDraw), டி3டிஇம் (D3DImm) என்ற டிஎல்எல் கோப்புகளை ஆட்டத்தின் கோப்புறைக்குள் போட வேண்டும். எக்ஸ்64 கோப்புறையில் இருந்து எடுத்தால் ஒன்றும் நடக்காது, பலர் இடறும் இடம் அதுதான். அதன் அமைப்புப் பலகையில் படத்தை 4க்கு 3 விகிதத்தில் வைக்கும்படி தெரிவு செய்யுங்கள். அகலத் திரைக்கு இழுத்தால் வட்ட வளையங்கள் முட்டையாகிவிடும், குறியும் பக்கவாட்டில் வேகமாக ஓடும். செக்கனுக்கு 144 முறை படம் காட்டும் 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் ஆட்டம் தலைதெறிக்க ஓடினால் மொனிட்டரை 60க்கு இறக்குங்கள். விண்டோஸின் மவுஸ் அமைப்பில், கையின் வேகத்துக்கு ஏற்பக் குறியின் தூரத்தை மாற்றும் ‘பொயின்டர் பிரிசிஷன்’ தெரிவை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை கைக்குத் தூரம் பழகாது.

இழந்த சுவையைக் கொஞ்சம் மீட்க ஒரு வீட்டுச் சட்டம் போட்டுக்கொள்ளலாம். வலது பட்டனைத் தட்டுவதற்கு முன் குறியைத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டு போக வேண்டும். முதலில் விளையாட்டாகத் தெரியும். ரயில் கட்டத்துக்கு வரும்போது இந்த ஒரு சட்டம் ஆட்டத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று புரியும்.

டியூப் டிவியும் ஒளித்துப்பாக்கியும்

துப்பாக்கியில் இருந்து திரைக்கு எதுவும் போவதில்லை, திரையில் இருந்துதான் துப்பாக்கிக்குள் ஒளி வருகிறது. டியூப் டிவியில் ஓர் எலக்ட்ரோன் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் படத்தை வரைகிறது. ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 64 மைக்ரோசெக்கன். துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு வில்லையும் ஒளி உணரியும் இருக்கும். கற்றை அது பார்க்கும் புள்ளியைத் தாண்டும்போது உணரி துடிக்கும். அந்தத் துடிப்பு எத்தனையாவது கோட்டில், கோடு தொடங்கி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று எண்ணினால் குறி எங்கே என்று தெரிந்துவிடும். விசையை அழுத்தும்போது திரை வெள்ளையாகப் பளிச்சிடுவது, இருட்டான இடத்தைக் குறிபார்த்தாலும் உணரிக்கு ஒளி கிடைக்கட்டும் என்பதற்காக. வீட்டில் வலிப்பு உள்ளவர் யாராவது இருந்தால் இந்தப் பளிச்சிடல் உள்ள ஆட்டத்தை அவர் முன்னால் போடக் கூடாது.

தட்டை டிவியில் கற்றை இல்லை. படம் முழுவதையும் முதலில் நினைவில் வாங்கி, பிறகு காட்டுகிறது. அதனால் பழைய துப்பாக்கி அதில் செத்த பொருள், எந்த வயரும் எந்தப் பெட்டியும் அதை உயிர்ப்பிக்காது. 100 ஹேர்ட்ஸ் என்று முகப்பில் எழுதிய விலைகூடிய டியூப் டிவிகளும் உதவா, அவையும் படத்தை வாங்கி வைத்து இரட்டை வேகத்தில் வரைபவை. சாதாரண 21 அங்குலப் பெட்டிதான் சிறந்தது. கண்ணாடி வளைந்திருந்தாலும் தட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

கொன்சோலில் இரண்டு தெரிவு. 1996இல் வந்த சேகா சாட்டர்ன் பதிப்பும் அதற்கான துப்பாக்கியும் ஒன்று. 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த தொகுப்பு மற்றது. அதில் முதலிரு பாகங்களும் உண்டு. ஐரோப்பாவில் ‘எலீட் எடிஷன்’, ஜப்பானில் ‘ரீ-பர்த்’ என்று பெயர். கன்கொன் 2 துப்பாக்கியை ஏற்கும். இங்கே பிளேஸ்டேஷன் 2 பெட்டியும் அதைப் பழுது பார்ப்பவரும் கிடைப்பது போல சாட்டர்ன் கிடைக்காது. சாட்டர்ன் சேகரிப்பவருக்கு, பிளேஸ்டேஷன் 2 ஆடுகிறவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகம் 2003இல் ஆர்கேட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டது, வீட்டுக் கொன்சோலுக்கு வரவே இல்லை.

வாங்கும்போது பெட்டியின் அடியில் உள்ள மொடல் எண்ணைப் பாருங்கள். 00 என்று முடிந்தால் ஜப்பான், 03 பிரித்தானியா, 04 ஐரோப்பா, 06 தென்கிழக்காசியா. டிஸ்கும் பெட்டியும் ஒரே பிரதேசத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஜப்பான் பெட்டி 100 வோல்ட். அதன் தட்டையான இரண்டு பின்னை மாற்றி எங்கள் 230 வோல்ட் சோக்கெட்டில் செருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும். 230ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்போமர் தேவை, 100 விஏ அளவு தாராளம். லேபிளில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் எந்தக் கவலையும் இல்லை.

கன்கொன் 2க்கு இரண்டு இணைப்பு. ஒன்று யுஎஸ்பி, கொன்சோலின் முன்பக்கம் போகும். மற்றது மஞ்சள் வீடியோ முனை. கொன்சோலில் இருந்து வரும் மஞ்சள் வயரைத் துப்பாக்கியின் முனையில் செருகி, துப்பாக்கியின் அந்த முனையை டிவியின் மஞ்சள் துளையில் செருக வேண்டும். கோடு எப்போது தொடங்குகிறது என்பதைத் துப்பாக்கி இந்த வயரில் இருந்துதான் அறிகிறது. ‘துப்பாக்கி வேலை செய்யவில்லை’ என்று வரும் முறைப்பாடுகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பட்டன்கள் வேலை செய்யும், குறி மட்டும் பதியாது. மஞ்சள் வயரைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

நமது டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கு, 50 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. ஜப்பான் டிஸ்க் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை, 60 ஹேர்ட்ஸ். படம் மேலும் கீழும் உருண்டால் அந்த டிவி 60ஐ ஏற்கவில்லை, வேறு டிவி தேட வேண்டியதுதான். படம் நின்று கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் 60ஐ ஏற்கிறது, நிறத்தை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. துப்பாக்கி அதிலும் குறி தவறாமல் சுடும், ஆனால் பச்சை மஞ்சள் சிவப்பு தெரியாத வெர்ச்சுவா கொப்பில் என்ன இருக்கிறது? பல முறைகளை ஏற்கும் டிவியா என்று கையேட்டிலோ மெனுவிலோ பார்த்து எடுப்பது நல்லது. 50 ஹேர்ட்ஸ் பதிப்பை ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 50க்குத் தனியாகச் சரிசெய்யப்படாத ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும்.

டிவியின் பிரைட்னஸை வழக்கத்தைவிட ஏற்றுங்கள். நடுவில் சுட்டால் பதிந்து மூலைகளில் பதியாமல் போனால் வெளிச்சம் குறைவு அல்லது தூரம் கூடுதல். 21 அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு அடி தூரம் நன்றாக இருக்கும். எல்லாக் குண்டும் ஒரே பக்கம் விலகினால், நிற்கும் இடத்தை மாற்றாமல் மறுபடி குறியைச் சரிசெய்யுங்கள். டிவியை இடம் மாற்றிய பிறகு ஒரு மூலையில் ஊதாப் படலம் தெரிந்தால் அது காந்தம் ஏறியது. டிவியை முற்றாக நிறுத்தி அரைமணி நேரம் விட்டுப் போட்டால் உள்ளே இருக்கும் சுருள் அதை எடுத்துவிடும். உடனுக்குடன் போட்டு அணைத்துப் பயனில்லை, அந்தச் சுருளுக்கு மின் கொடுக்கும் உறுப்பு ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும்.

ஈரம்

மலையகத்தில் டியூப் டிவியைக் கொல்வது வயதைவிட ஈரம். 21 அங்குல வர்ணப் பெட்டிக்குள் குழாயின் முதுகில் உள்ள ரப்பர் தொப்பிக்கு 25,000 வோல்ட் அளவில் மின் போகிறது. அந்தத் தொப்பியின் ஓரத்தில் தூசும் ஈரமும் சேர்ந்தால் மின் கசியும். சுவிட்ச் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம், இருட்டில் நீலப் பொறி, மீன் கருகியது போல ஒரு வாடை. இதைக் கண்டால் நிறுத்திவிட்டு டிவி திருத்துபவரிடம் கொடுங்கள். மூடியைத் தாமே கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின் தேங்கி நிற்கும்.

காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேல் பருவம் தொடங்கும் மே முதல் செப்டெம்பர் வரை சுவர் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த ஈரக் காலம் டிசம்பர், ஜனவரியில். அந்த மாதங்களில் பெட்டியை மூடி வைக்காமல், வாரத்துக்கு மூன்று நாளாவது அரைமணி நேரம் ஓட விடுவது நல்ல வைத்தியம். உள்ளே எழும் சூடே காயவைக்கும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நுவரெலியாக் குளிரில் வெளியே இருந்து கொண்டு வந்த பெட்டியை உடனே போடக் கூடாது, உள்ளே வியர்த்திருக்கும். இரண்டு மணி நேரம் பொறுங்கள். துப்பாக்கியின் வில்லையும் இதேபோல வியர்க்கும். குறி திடீரென்று பதியாமல் போனால் பழுது என்று கழற்றுவதற்கு முன் குழலுக்குள் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மழை. மழை இருட்டினால் பிளக்கை மட்டுமன்றி டிஷ், அன்டனா வயரையும் கழற்றுங்கள். மின்னல் பெரும்பாலும் அந்த வயர் வழியாகத்தான் டிவிக்குள் இறங்கும்.

கொன்சோலின் லேசர் வில்லையில் பூஞ்சை படிவதும் இங்கே வழக்கம். டிஸ்க் சுழன்று சுழன்று ஏற்காமல் நின்றால், 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் வில்லையை அழுத்தாமல் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். டிஸ்கைத் துடைப்பதென்றால் நடுவில் இருந்து ஓரத்துக்கு. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, வாசிக்க முடியாமல் செய்துவிடும்.

இவ்வளவு பாடும் பட்ட பிறகு கிடைப்பது என்னவென்றால், தாமதமே இல்லாத குறி. திரையில் குறிப்புள்ளி இல்லை, குழலின் மேல்விளிம்பில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். கை சிறிய இலக்காகவே இருக்கும், தோட்டா நிரப்பக் கை வெளியே போய்த் திரும்ப வேண்டும். மூன்று அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்குவது இது ஒன்றுதான்.

தட்டை டிவிக்கான துப்பாக்கி

இதில் இரண்டு வகை. சிண்டன் என்பது குழலுக்குள் கமரா வைத்தது. ஆட்டத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் ஒன்றைத் திரையில் வரைந்துகொள்ளும். கமரா அந்தச் சட்டத்தைப் பார்த்து, குறி எங்கே என்று கணினியில் கணக்கிடும். டிவியில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. குறைகள் இரண்டு. பளபளக்கும் திரையில் ஜன்னலோ பல்போ பிரதிபலித்தால் சட்டம் உடைந்து குறி துள்ளும். கணக்கு கணினியில் நடப்பதால் பழைய லப்டொப் என்றால் குறி இழுபடும்.

மற்றது அகச்சிவப்பு வகை. கன்4ஐஆர் அதில் பேர்போனது. திரையின் நான்கு பக்கமும் அகச்சிவப்பு எல்ஈடி விளக்குகள், துப்பாக்கிக்குள் அவற்றை மட்டும் பார்க்கும் சிறு கமரா, கணக்குப் போட ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று. இவற்றைப் பழைய துப்பாக்கியின் ஓட்டுக்குள்ளேயே பொருத்தலாம். ஒளி உணரி செத்த கன்கொன் இருந்தால் எறிய வேண்டாம், இதற்கு அருமையான ஓடு அது. கணக்கைத் துப்பாக்கியே செய்வதால் லப்டொப்பின் வயது பொருட்டல்ல. சோல்டரிங் தெரிந்தவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் தூரம் என்ற ஒன்று இருக்கிறது. அந்தக் கமராவின் பார்வை அகலம் 33 பாகை. திரையின் இடது ஓரத்தைக் குறிபார்க்கும்போதும் வலது பக்க விளக்குகள் பார்வைக்குள் நிற்க வேண்டுமானால், 24 அங்குல மொனிட்டருக்கு ஏறக்குறைய 6 அடி, 32 அங்குல டிவிக்கு 8 அடி, 43 அங்குலத்துக்குப் பத்தரை அடி தள்ளி நிற்க வேண்டும். இது துப்பாக்கி முனையில் இருந்து திரைக்கு உள்ள தூரம். தோட்டத் தொழிலாளரின் லயன் அறை 10க்கு 12 அடி. கட்டில், அலுமாரி போக மிஞ்சும் இடத்தில் 32 அங்குலம் நீளவாட்டில் வைத்தால் மட்டும் அடங்கும், 43 அடங்காது. சிலர் கமராவுக்கு முன் அகலக் கோண வில்லை ஒன்றை ஒட்டித் தூரத்தைக் குறைக்கிறார்கள். அது ஓரங்களில் குறியை வளைக்கும், மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டி வரும். பெரிய டிவி வாங்கி வில்லை ஒட்டுவதைவிட 24 அங்குல மொனிட்டருக்கு முன் நிற்பது மேல்.

சூடான பொருள்களும் அகச்சிவப்பு ஒளியை வீசும். விறகடுப்பு, குளிருக்குப் போடும் ஹீட்டரின் சிவந்த சுருள், மெழுகுவர்த்தி, பழைய மஞ்சள் குண்டு பல்பு எல்லாமே கமராவின் கண்ணுக்கு எல்ஈடி போலத் தெரியும். இரண்டு மெழுகுவர்த்தியை வைத்து நின்டெண்டோவின் வீ (Wii) கொன்சோல் ரிமோட்டை ஏமாற்றலாம் என்பது பழைய வேடிக்கை, அதே காரணம்தான். டிவி இருக்கும் பக்கத்தில் இவை எதுவும் இருக்கக் கூடாது. ஹீட்டர் வேண்டுமென்றால் ஆடுகிறவரின் முதுகுப் பக்கம் வையுங்கள். திரைக்குப் பின்னால் மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் பின்னேரம் தடித்த திரைச்சீலை வேண்டும்.

எந்த வகையானாலும் ஆட்டத்தை ஓட்டக் கணினி தேவை. பிளேஸ்டேஷன் 2 போலவே கணினியை நடிக்க வைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 (PCSX2) என்ற எமுலேட்டரில் யுஎஸ்பி முதல் துளைக்குக் கன்கொன் 2ஐத் தெரிவு செய்தால், நீங்கள் வைத்திருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்கையே ஓட்டலாம், துப்பாக்கி மவுஸின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆர்கேட் பதிப்பை ஓட்ட, சேகாவின் மொடல் 2 ஆர்கேட் இயந்திரத்தைப் போல நடிக்கும் மொடல் 2 எமுலேட்டர் இருக்கிறது, படம் அதில்தான் கூர்மை. ஆனால் இணையத்தில் சுற்றும் ஆர்கேட் பிரதிகளுக்கு உரிமம் இல்லை. இரண்டு துப்பாக்கி வைத்து இருவர் ஆடுவதென்றால் அதன் அமைப்புக் கோப்பில் ‘யூஸ்ரோஇன்புட்’ (UseRawInput) என்ற வரியை 1 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துப்பாக்கியும் ஒரே குறியை இழுத்துக்கொண்டு சண்டை பிடிக்கும்.

டிவியின் ‘கேம் மோட்’டைப் போட மறக்கக் கூடாது. ஒரு படச் சட்டகத்துக்கு 16.7 மில்லிசெக்கன். சாதாரண மோடில் டிவி படத்தை மெருகேற்ற 50 முதல் 100 மில்லிசெக்கன் வரை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மஞ்சள் என்று பார்க்கும்போது ஆட்டத்துக்குள் அது சிவப்பை நெருங்கியிருக்கும். ‘குறி சரி, ஆனாலும் செத்துப்போகிறேன்’ என்பவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது

வீட்டு மூலையில் வேலை செய்யும் டியூப் டிவி ஏற்கெனவே இருந்தால் கேள்வியே இல்லை. ஓர் அளவான பிளேஸ்டேஷன் 2, கன்கொன் 2, தொகுப்பு டிஸ்க் தேடுங்கள். துப்பாக்கி வாங்கும்போது விற்பவரின் தட்டை டிவியில் சோதித்து ‘வேலை செய்யவில்லை’ என்று விலை குறைத்துப் பேச வேண்டாம், எந்தக் கன்கொன்னும் அதில் வேலை செய்யாது. விசையை இருபது முறை அழுத்திப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு குண்டு போகிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே இருக்கும் சுவிட்ச் தேய்ந்ததன் அடையாளம் அது, மாற்றக்கூடியது.

டியூப் டிவி இல்லாதவர் அதற்காகக் கொழும்பில் இருந்து ஒன்றை ஏற்றிக்கொண்டு வருவதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். 21 அங்குலமே 20 கிலோவுக்கு மேல். தோட்டத்துப் பாதையில் குலுங்கி வரும் பெட்டியில் எந்தச் சோல்டர் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. வந்து சேர்ந்தாலும் அடுத்த தென்மேல் பருவம் காத்திருக்கிறது. அவருக்கு அகச்சிவப்புத் துப்பாக்கியும் 24 அங்குல மொனிட்டரும் பொருந்தும். சோல்டரிங் வராது, அறையில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தலாம், கணினியும் புதியது என்றால் சிண்டன். வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 4க்கு 3 ஆட்டத்தை அகலத் திரையில் ஓட்டும்போது இரு பக்கமும் கறுப்பாக மிஞ்சும் இடத்தில் வெள்ளைச் சட்டத்தின் பக்கக் கோடுகளை வைத்துவிடலாம், படத்தில் வெட்டு விழாது.

பிள்ளைகளுக்கு ஆட்டத்தை அறிமுகம் செய்ய மட்டும் என்றால் மவுஸும் கீழ் மூலைச் சட்டமும் போதும். அவர்கள் ஒரு கட்டத்தை உயிர் போகாமல் முடிக்கிற நாள் வரை துப்பாக்கிக்குச் செலவழிக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. தோட்டா தீர்ந்ததும் ஆட்டம் ‘ரீலோட்’ என்று குரல் கொடுக்கும். ஜூலை மழை தகரத்தில் விழும் வீட்டில் அந்தக் குரல் கேட்காது. ஸ்பீக்கரைக் கூட்டிப் பக்கத்து வீட்டை எழுப்புவதைவிட, திரையின் அடியில் தோட்டாக்களின் படத்தில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டு மிஞ்சும்போதே, திரையில் எவரும் இல்லாத இடைவெளியில் நிரப்பிவிடுங்கள்.